எம்பிலிப்பிட்டியவின் ஆவணி அறுவடை

ஆங்கில வாசக நூல்களைப் படித்து வளர்ந்த தலைமுறையினருக்கு ‘இலையுதிர் காலம்’ என்றவுடன் பொன்னிறக் கதிர்களும் நிறைந்த களஞ்சியங்களும் மனக்கண்முன் தோன்றுதல் இயல்பு. நம் நாட்டிலோ அப்படியொரு பருவம் கிடையாது. ஆண்டினை ஆறு பருவங்களாக வகுத்த நம் முன்னோர் ஆவணியையும் புரட்டாதியையும் கார்காலம் என்றனர். அடுத்த இரு மாதங்களைக் கூதிர் என்றனர். யாழ்ப்பாணத்துக் கமக்காரனுக்கு இவை உழவும் விதைப்பும் நிகழும் மாதங்கள். அவனுடைய அரிவு வெட்டு தை மாதத்தை ஒட்டியே வரும். ஆயினும் இதே தீவின் தென்பகுதியில், மேலைநாட்டார் அறுவடைக்குரியனவாகக் கொள்ளும் அதே ஆகஸ்டு, செத்தெம்பர் மாதங்களில் பல்லாயிரம் ஏக்கர் நெல் முற்றித் தலைசாய்ந்து நிற்கும் இடமொன்றுண்டு. சப்பிரகமுவா மாகாணத்தின் தென்கோடியிலே, இரத்தினபுரி மாவட்டத்தைச் சேர்ந்த எம்பிலிப்பிட்டியவே அவ்விடமாகும்.

அவ்வூரிலே சில ஆண்டுகள் வாழும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. அங்கே அறுவடையையும் காலநிலையையும் பற்றி நாம் கண்டறிந்தவற்றையும் பின்னர் கற்றறிந்தவற்றையும் கல்லூரிச் சகோதரர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம். அறுவடை எவ்வாறிருக்கிறது என்று வினவுவோருக்கு வானத்தைப் பார்த்தும் குளத்தைப் பார்த்தும் விடை கூறுவதே உலக வழக்கு. அவ்விரண்டையும் பார்த்தபின் மூன்றாவதாக ஓரிடத்தைச் சென்று பார்த்தாலன்றி அவ்விடை முழுமை பெறாது என்பதை எம்பிலிப்பிட்டிய நமக்குக் கற்பித்தது. அந்த மூன்றாவது இடம் கடைமடை.

முதலில் வானத்தை நோக்குவோம். இரத்தினபுரி என்றதும் மாணிக்கக் கல்லும், ஓயாத மழையும், தேயிலை இறப்பர்த் தோட்டங்களும், அத்தோட்டங்களிலே தலைமுறை தலைமுறையாக உழைத்துவரும் நம் மக்களும் நினைவுக்கு வருதல் தகும். இரத்தினபுரி நகரில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகின்றது. அங்கிருந்து பெல்மதுளை, கஹவத்தை, கொடகவெல வழியாகத் தெற்கே மலையிறங்கி எம்பிலிப்பிட்டியவை அடையும்போது அம்மழையில் பாதியும் எஞ்சுவதில்லை. அயலிலுள்ள உடவளவையில் ஆண்டு மழை ஏறக்குறைய 1,500 மில்லிமீற்றர் அளவினது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் மழை 1,250 மில்லிமீற்றர் அளவினது என்பதை நினைவிற்கொண்டால், பெயரளவில் இரத்தினபுரியைச் சேர்ந்த எம்பிலிப்பிட்டிய மழையளவில் நமக்கே நெருங்கிய உறவு என்பது புலனாகும்.

இதன் காரணம் மலையே. நம்மூரிற் சோளகம் வீசும் அதே மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து கொணர்ந்த ஈரத்தையெல்லாம் மேற்குச் சரிவுகளிற் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக மலைக்கு அப்பால் இறங்குகின்றது. ஆனியிலும் ஆடியிலும் எம்பிலிப்பிட்டிய வீதிகளிலே புழுதியை வாரியிறைப்பது அக்காற்றுத்தான். அவ்வூருக்கு மழை தருவன பெரும்பாலும் இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலங்களே. பங்குனி சித்திரையில் ஒருமுறையும் ஐப்பசி கார்த்திகையில் மறுமுறையும், காலையில் வெயிலெறித்துப் பிற்பகலில் இடியுடன் மழை பொழியும். ஒரே தீவுக்குள் வானம் எத்துணை வேறுபட்டு நடந்துகொள்ளும் என்பதற்கு 2017ஆம் ஆண்டு நல்ல சான்று. 2016/17 பெரும்போகத்திலே உலர் வலயமெங்கும் வரட்சி நிலவி நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. அவ்வரட்சியின் துயர் தீருமுன்னரே, 2017 மே மாதத்தில் களு கங்கை பெருகி இரத்தினபுரி வெள்ளத்தில் மூழ்கியது. மண்சரிவும் வெள்ளமும் அத்தென்மேற்கு மாவட்டங்களிற் பலருடைய உயிரைக் கொண்டன.

இனிக் குளத்தை நோக்குவோம். எம்பிலிப்பிட்டியவுக்கு வானம் மறுத்ததை வளவை கங்கை ஈகின்றது. ஓட்டன் சமவெளியை அண்டிய மலைகளிலே தோன்றி, 138 கிலோமீற்றர் ஓடி, அம்பலாந்தோட்டையருகே கடலொடு கலக்கும் ஆறு அது. 1963ஆம் ஆண்டு தொடங்கி 1968ஆம் ஆண்டளவில் முடிவுற்ற உடவளவை அணை, ஏறக்குறைய 4 கிலோமீற்றர் நீளத்துக்கு அவ்வாற்றை மறித்து நிற்கின்றது. நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 26 கோடியே 80 இலட்சம் கனமீற்றர். நமது இரணைமடுவைப்போல ஏறத்தாழ இருமடங்கு. அணையின் இருபுறமும் இரு பெருவாய்க்கால்கள் புறப்படுகின்றன. வலதுகரை வாய்க்கால் எம்பிலிப்பிட்டியப் பக்கமாகச் சென்று, சந்திரிகா வாவிக்கும் நீரூட்டி, அம்பாந்தோட்டை மாவட்டத்து அங்குணுகொலபெலச வரை நீள்கின்றது. இடதுகரை வாய்க்கால் செவணகலைக் கரும்புத் தோட்டங்களையும் வயல்களையும் வளப்படுத்துகின்றது. அணைக்குக் கீழே, லியங்கஸ்தோட்டை அணைக்கட்டையும் ரிதியகமைக் குளத்தையும் நம்பிய முன்னைய வயல்களும் இவ்வாற்றையே எதிர்பார்த்திருக்கின்றன. 1982ஆம் ஆண்டு முதல் வளவைத் திட்டம் மகாவலி அதிகார சபையின் பொறுப்பிலுள்ளது.

இந்நீரின் துணையால் எம்பிலிப்பிட்டியக் கமக்காரர் ஆண்டுக்கு இருபோகம் செய்கின்றனர். ஐப்பசி மழையோடு தொடங்கி மாசி பங்குனியில் முடிவது பெரும்போகம். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டித் தொடங்கி ஆவணி புரட்டாதியில் முடிவது சிறுபோகம். சிறுபோகத்துக்கு மூன்று அல்லது மூன்றரை மாத நெல்லினங்களே ஏற்றவை. நம் நாட்டு நெல்லினங்களின் பெயரிலேயே நாட்கணக்கு அடங்கியிருப்பதை மாணவர் அறிந்துகொள்ளுதல் நன்று. 300 முதல் 349 வரையான எண்ணுடையவை மூன்று மாத நெல். 350 முதல் 399 வரையானவை மூன்றரை மாத நெல். ‘ஏடி’ என்ற எழுத்துகளுடன் வருபவை வளவையின் முகத்துவாரத்தருகேயுள்ள அம்பலாந்தோட்டை ஆராய்ச்சி நிலையத்திற் பிறந்தவை. ‘ஏடி 362’ என்னும் சிவப்பரிசி நெல் அவற்றுளொன்று.

ஆவணி மாதம் அறுவடைக்கு வாய்த்த மாதம் என்றே கூறலாம். மழை அரிது, காற்று உலர்ந்தது, வெயில் கடியது. மாடுகட்டிச் சூடு மிதித்த காலத்தில் கதிரை அரிந்து, உப்பட்டி கட்டி, களத்திலே குவித்து, பொலி தூற்றும்வரை வாரக்கணக்கில் வானத்தை அஞ்சியிருக்க வேண்டியிருந்தது. இன்றோ அறுவடை இயந்திரம் ஓர் ஏக்கரை ஓரிரு மணி நேரத்தில் வெட்டி, அடித்து, தூற்றிச் சாக்கில் நிரப்பிவிடுகின்றது. எனினும் அச்சம் முற்றாக நீங்கிவிடவில்லை. இயந்திரம் வெட்டிய நெல்லில் ஈரப்பதம் பெரும்பாலும் நூற்றுக்கு 20 வீதத்தைக் கடந்திருக்கும். நெல் சந்தைப்படுத்தல் சபை ஏற்கும் நெல்லோ 14 வீதத்துக்கு மேற்படலாகாது. ஆதலால் அப்பருவத்திலே வீதியோரமெங்கும் நெல் விரிக்கப்பட்டிருக்கும். பேருந்துகள் ஒதுங்கிச் செல்லும். சிறுவர் காலால் அளைந்து நெல்லைப் புரட்டிக் கொடுப்பர். மாலையில் மேகம் கறுத்தால் வீடு முழுவதும் வீதிக்கு ஓடிவரும்.

இங்ஙனம் நெல் உலரும் காட்சியைக் கண்டு, அறுவடை செவ்வனே நடைபெறுகின்றது என்று எழுதிவிடுதல் எளிது. அணைக்கட்டிலிருந்து வாய்க்காற் கரையோடு கீழ்நோக்கிச் செல்வோர் வேறொரு கதையைக் காண்பர். வாய்க்காலின் தலைப்பில் முதலில் நீர் பெற்றவன் முதலில் உழுகின்றான், முதலில் விதைக்கின்றான், ஆவணி நடுப்பகுதியில் வெட்டியும் முடித்துவிடுகின்றான். அவனுடைய வயலில் வைக்கோல் காய்ந்து கிடக்கையில் நடுமடையில் கதிர் பழுக்கின்றது. கடைமடையிலோ கதிர் இன்னும் பச்சையாக நிற்கின்றது. தலைப்பிலிருந்து கடைமடை வரை செல்லும் சில மணி நேரப் பயணத்திலே, ஒரு பயிரின் பல வார வாழ்க்கையை ஒருங்கே பார்த்துவிடலாம்.

இவ்விடைவெளி கண்ணுக்கு அழகாயினும் கடைமடையானுக்கு இருமுனைக் கத்தியாகும். தலைப்பிலுள்ளோர் அறுவடை முடிந்து, நீர்த்தேக்கமும் வற்றி, வாய்க்காலில் நீர் குறையும் நாட்களிலேதான் அவனுடைய பயிர் கதிர்ப்பருவத்தை அடைகின்றது. மணி பாற்பிடிக்கும் அவ்வேளையில் ஒருமுறை நீர் தவறினாலும் பதர் மிகும். அதைக் கடந்து மணி முற்றினாலும், புரட்டாதி கழிந்து இடைப்பருவ மழை இறங்கும் காலம் அணுகிவிடும். விளைந்த கதிர் மழையிற் சாய்ந்து முளைகொள்ளும்; இயந்திரம் சேற்றில் இறங்கத் தயங்கும்; விரித்த நெல் உலராது. நீர் இன்மையால் முன்னர் வாடியவனே நீர் மிகுதியால் பின்னரும் வாடுகின்றான். ஒரே ஆண்டில், ஒரே வானத்தின் கீழ், ஒரே வாய்க்காலில் ஒருவனுக்கு நல்ல காலநிலை. மற்றவனுக்குத் தீய காலநிலை. எனவே காலநிலை என்பது பயிரைச் சேரும் நாளையும் பொறுத்ததாகும்.

இதற்கு மண்ணும் ஒரு காரணம். வளவைப் பள்ளத்தாக்கிலே மேட்டுநிலம் செம்பழுப்பு மண். நீரை விரைவில் உறிஞ்சிவிடும். தாழ்நிலம் நீர் தங்கும் மண், நெல்லுக்கு உகந்தது. தாழ்நிலத்தில் நெல்லும் மேட்டுநிலத்தில் பருத்தி போன்ற பிற பயிர்களும் என்பதே திட்டமிட்டோரின் எண்ணம். குடியேறிய கமக்காரரோ மேட்டிலும் நெல்லையே விதைத்தனர். அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. பருத்தியின் விலை பிறர் கையிலுள்ளது; நெல்லோ வீட்டுக் கோர்க்காலியில் இருப்பது. பஞ்சத்தின் அச்சம் அறிந்த குடும்பம் எதனை விரும்பும் என்பதைக் கூறவும் வேண்டுமோ? ஆயினும் மேட்டுமண் குடித்த நீர் கடைமடையானின் பங்கிலே குறைந்தது. காலப்போக்கில் வலதுகரையில் நீர் தட்டுப்பட்ட நிலங்களிற் பலர் நெல்லை விடுத்து வாழைக்கு மாறினர். புளிப்புச் சுவை கலந்த அம்புல் வாழைக்கு எம்பிலிப்பிட்டிய இன்று பேர்பெற்ற சந்தையாயிருப்பதற்கு அந்நீர்ப்பஞ்சமும் ஒரு காரணமாயிற்று.

நீரைப் பங்கிடும் நாளை நிருணயிப்பதற்கு நம் நாட்டிலே பழைய ஏற்பாடொன்று உண்டு. சிங்களத்திலே ‘கன்ன’ என்பது போகம். போகந்தோறும் கூடும் கமக்காரர் கூட்டத்தைக் கன்னக் கூட்டம் என்பர். நமது வன்னியில் அதனையே பயிர்ச்செய்கைக் கூட்டம் என்கின்றோம். வழிவழி வந்த நீர்ப்பாசன வழக்கங்களை மீண்டும் நிலைநாட்டும் நோக்குடன் 1856ஆம் ஆண்டில், தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் 1946ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் அக்கூட்டத்துக்கு உறுதியான சட்ட வடிவம் அளித்தது. முதல் நீர் எந்நாள், விதைப்பு எந்நாள் முடிதல் வேண்டும், எத்தனை மாத நெல், கடைசி நீர் எந்நாள் என்பனவெல்லாம் அங்கே தீர்மானிக்கப்படும்.

அத்தகைய கூட்டங்களில் நாம் கண்டதொன்று குறிப்பிடத்தக்கது. தலைப்பு வாய்க்காலைச் சேர்ந்தோர் முதல் நீரின் நாளைப் பற்றி வாதிடுவர். கடைமடையைச் சேர்ந்த முதியவர்கள் அதில் அதிகம் பேசுவதில்லை. கடைசி நீரின் நாள் அறிவிக்கப்படும் வேளையிலேதான் அவர்கள் எழுந்து நிற்பர். அந்த நாள் தங்கள் வயலுக்கும் பொருந்துமா, அன்றித் தாளில் மட்டும் இருப்பதா என்பதே அவர்களுடைய வினாவாயிருக்கும். கூட்டத்தில் இருப்போர் சிலவேளை நகைப்பர். நகைத்தற்குரிய வினா அன்று அது.

அவ்வினாவின் பொருளை நாடு முழுவதும் அறிந்துகொண்டது 2023ஆம் ஆண்டுச் சிறுபோகத்திலாகும். அவ்வாண்டு எல் நினோ தலைகாட்டியது. நடு ஆண்டில் மழை பொய்த்தது. உடவளவை நீர்த்தேக்கம் வற்றியது. அதற்கு மேலே, பலாங்கொடைப் பக்கத்திலே, 1992ஆம் ஆண்டில் நிறைவுபெற்ற சமனலவெவ நீர்த்தேக்கத்தில் ஓரளவு நீர் இருந்தது. 120 மெகாவாற்று மின்சாரம் பிறப்பிக்கவல்ல நிலையம் அது. கதிர்ப்பருவத்திலுள்ள நெல்லைக் காப்பதற்கு அந்நீரைத் திறந்துவிடுமாறு வளவைக் கமக்காரர் வீதியில் இறங்கினர். தென்பகுதியின் மின் வழங்கலுக்கு அந்நீரைச் சேமித்து வைத்தல் வேண்டும் என்று மின்சாரத் தரப்பினர் வாதிட்டனர். ஈற்றில் விடயம் அமைச்சரவை வரை சென்று, ஆகஸ்டு மாதத்திலே நீர் திறக்கப்பட்டது. அதற்குள் பல வயல்கள் கருகிவிட்டன.

இவ்வழக்கில் உன்னிப்பாக நோக்கத்தக்க ஓர் உண்மை உண்டு. சமனலவெவ நீர் மின்சுழலியைச் சுற்றியபின்பு வீணாவதில்லை. கிளையாறுகள் வழியாக உடவளவைக்கே வந்து சேர்கின்றது. ஒரே நீர் முதலில் விளக்கேற்றிப் பின்னர் வயலுக்கும் பாயவல்லது. ஆகவே அன்று தீர்க்கப்பட வேண்டியிருந்த வினா நீர் எவருக்கு என்பதைவிட, நீர் எந்நாளில் என்பதேயாகும். மின்சாரத்தை வேறு வழியாற் சில வாரங்களுக்கேனும் பெறலாம். மணி பிடிக்கும் பயிருக்கு அடுத்த கிழமை என்றொரு கிழமை கிடையாது. கூட்டத்திலே கடைசி நீரின் நாளைக் கேட்டு நின்ற முதியவர்கள் அறிந்திருந்தது இதனையே.

கடைமடைக்குக் காலத்திற் சேர வேண்டியது நீர் மட்டுமன்று என்பதனையும் நம் காலம் காட்டிவிட்டது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. ஆயினும் பெரும்போகத்துக்கு உரம் இடவேண்டிய நாட்கள் பலருக்கு அதற்குள் கடந்துவிட்டன. 2020/21 பெரும்போகத்திலே ஏறக்குறைய 30 இலட்சம் தொன்னாயிருந்த நாட்டின் நெல் விளைச்சல், 2021/22 பெரும்போகத்திலே ஏறக்குறைய 20 இலட்சம் தொன்னாக வீழ்ந்தது. அந்த வீழ்ச்சிக்கு வானத்தைக் குறைகூற முடியாது.

இவையெல்லாம் தெற்கத்தியார் விடயங்கள், நமக்கென்ன என்று இருப்பதற்கில்லை. கிளிநொச்சியிலே சிறுபோகந்தோறும் இரணைமடு நீரின் அளவைப் பார்த்து எத்தனை ஏக்கர் விதைப்பது என்று தீர்மானிக்கின்றோம். எல்லோருக்கும் நீர் போதாத ஆண்டுகளிலே வயலின் ஒரு பகுதியைத் தரிசாக விடவும் இசைகின்றோம். 2010ஆம் ஆண்டுக்குப் பின்னர் இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொணர முயன்றபோது கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். நம்முட் பலர் அவர்களைத் தன்னலமிகள் என்றுகூடப் பேசினோம். கடைமடையிலே நின்று பார்த்தோமாயின், மேலேயுள்ளவர்களின் வாக்குறுதியை நம்பி விதைக்கும் ஒருவனுடைய அச்சமே அவ்வெதிர்ப்பில் ஒலித்தது என்பதை உணர்ந்திருப்போம். தாகத்தால் வருந்திய குடாநாட்டு மக்களின் துயரும் பொய்யன்று. குடிநீர்ப் பிரச்சினைக்கு இன்று தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் வழியும் தேடப்பட்டுள்ளது. எம்பிலிப்பிட்டியச் சிங்களக் கமக்காரனும் கிளிநொச்சித் தமிழ்க் கமக்காரனும் ஒருவரையொருவர் அறியார். ஆனால் இருவரும் அஞ்சுவது ஒரே நாளைத்தான்.

இம்மலரைக் கையிலேந்தும் மாணவருள் நாளை நீர்ப்பாசனப் பொறியியலாளராகவும், விவசாயப் போதனாசிரியராகவும், நிருவாக சேவை உத்தியோகத்தராகவும் வருவோர் பலர் இருப்பர். அவர்களுட் சிலர் எம்பிலிப்பிட்டியவுக்கும் செல்ல நேரலாம். ஒரு நாள் அவர்களுடைய மேசைக்கு அறிக்கையொன்று வரும். நூற்றுக்குத் தொண்ணூறு வீத அறுவடை முடிந்தது, காலநிலை சாதகமானது என்று அதில் எழுதியிருக்கும். கையொப்பமிடுமுன் எஞ்சிய பத்து வீதம் எங்கேயுள்ளது என்று கேட்கும்படி அவர்களை வேண்டுகின்றோம். பெரும்பாலும் அது வாய்க்காலின் கடைசி மதகுக்கு அப்பால் இருக்கும். வாகனம் செல்லாத இடமாயின் வரப்பின்மேல் நடந்து செல்லுதல் வேண்டும். அங்கே நிற்கும் கமக்காரனிடம் கடைசி நீர் எந்நாள் வந்தது என்று கேட்டு, அவன் கூறும் நாளையும் அறிக்கையிற் சேர்த்து எழுதுவார்களாயின், அடுத்த போகத்துக் கூட்டத்தில் அம்முதியவர்களின் வினாவுக்கு விடை கூறுவது எளிதாகும்.